டியூப் போட்டதா அந்தத் தம்பி செய்த தப்பு?

ஞாயிறு காலை நம் சைக்கிள் குழுவோடு வந்த ஒரு தம்பிக்குக் கோவளம் தாண்டி அடுத்தடுத்து இரண்டு பஞ்சர் ஆனது எல்லோருக்கும் தெரியும். குழுவில் வந்த படத்தையும், அதற்கு விழுந்த சிரிப்புகளையும் பார்த்தேன். இரண்டு நாள் பொறுத்தேன், முடியவில்லை.

அந்தத் தம்பிக்கு இரண்டாவது பஞ்சர் ஆனது டியூப் போட்டதால் இல்லை. டயருக்குள் நின்றுவிட்ட கம்பியால். வெடித்துப்போன லாரி, பஸ் டயர்களிலிருந்து தலைமுடி போல மெல்லிய இரும்புக் கம்பி உதிர்ந்து ரோட்டோரம் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாது. டியூப் மாற்றும் முன் டயரின் உட்புறம் முழுக்க விரலை மெதுவாக ஓட்டினால் சுருக்கென்று குத்தும். அவனுக்குத் தெரியவில்லை, புது டியூபும் போயிற்று. சுற்றி நின்ற எட்டுப் பேரில் ஒருவராவது சொல்லியிருக்கலாம். சொன்னதெல்லாம், "இன்னுமா டியூப்? டியூப்லெஸ்ஸுக்கு மாறு" என்பதுதான்.

டியூப் இல்லாமல் டயருக்குள்ளேயே காற்றை அடைக்கும் டியூப்லெஸ்ஸுக்கு நான் எதிரி இல்லை. இரண்டு வருடம் ஓட்டியவன். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல முள் கிடக்கும் ரோட்டில் அதுதான் நல்லது. முள் குத்தியதே தெரியாது, உள்ளே ஊற்றியிருக்கும் சீலண்ட் என்ற திரவம் ஓட்டையை அடைத்துவிடும். காற்றைக் கொஞ்சம் குறைத்தும் ஓட்டலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த சீலண்ட் நம் வெயிலில் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடுகிறது. ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டயரை ரிம்மில் உட்காரவைக்கக் கைப்பம்பு பல நேரம் போதாது, கம்ப்ரஸர் வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டமான ஒரு 300 கிலோமீட்டர் பிரெவேயில், இருட்டிய பிறகு, திண்டிவனத்துக்கு முன்னால் கண்ணாடித்துண்டு என் டயரின் பக்கவாட்டைக் கிழித்தது. சீலண்ட் பீய்ச்சியடித்துக் காலெல்லாம் வெள்ளை. ஓட்டையில் செருகும் ரப்பர் பிளக்கும் நிற்கவில்லை. கிழிசலுக்கு உள்ளே பத்து ரூபாய் நோட்டை மடித்து வைத்து, டியூப் போட்டுத்தான் வந்து சேர்ந்தேன். டியூப்லெஸ் ஓட்டுகிறவர்கள் தூரம் போகும்போது பையில் ஒரு டியூப் வைத்துக்கொள்வது எதற்கு?

"பைக்கெல்லாம் டியூப்லெஸ் ஆகிவிட்டதே" என்பீர்கள். பைக் டயர் தடிமன், காற்றழுத்தமும் 30 பிஎஸ்ஐ சுமார்தான். என் சைக்கிள் டயர் 28 எம்எம் அகலம்தான், டியூபோடு 70 பிஎஸ்ஐக்கு மேல் வைக்கிறேன். அவ்வளவு காற்று வேகமாக வெளியேறும்போது சீலண்ட் திணறும். இரண்டும் ஒன்றில்லை.

என் அப்பா கோவில்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வரும் இடம் பார்ப்பது, உரசிவிடுவது, ஒட்டும் பசையான சொல்யூஷன் காயும்வரை அவசரப்படாமல் இருப்பது, எல்லாம் பத்து வயதில் அவரிடம் கற்றேன். விரல் ஓட்டிப் பார்ப்பதும் அவர் சொன்னதுதான். அவர் ஒட்டிய டியூபில்தான் எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். "பஞ்சர் ஒட்டுகிறவன் வேலை" என்று நீங்கள் எழுதிச் சிரித்தது அவர் வேலையைப் பார்த்துத்தான். அது எனக்கு வலிக்கிறது.

நாளைக்கு அவன் சைக்கிளே வேண்டாமென்று வீட்டில் இருந்துவிட்டால் யார் பொறுப்பு?

தம்பி, இதைப் படித்தால் சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வா. ஓட்டையான இரண்டு டியூபையும் எடுத்து வா, தூக்கிப் போட்டுவிடாதே. சொல்யூஷனும் பேட்சும் என்னிடம் இருக்கிறது.