105.5 சரி, எத்தனையாவது இன்னிங்ஸில்?

அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழக பேஸ்பால் அணியில் இதுவரை ஆடியவர்களில் வேகமாக எறிந்த பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) யார்? பிப்ரவரி பிறந்து சீசன் தொடங்கினால், அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லில் இந்தப் பேச்சும் தொடங்கிவிடும். அணியின் ஆரஞ்சுத் தொப்பி போட்ட நாலு பேர் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். போன வாரமும் நடந்தது. நான் சொன்ன பெயரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், யாரும் மறுக்க முடியாதது. பென் ஜாய்ஸ். 2022 மே 1 அன்று லிண்ட்சி நெல்சன் மைதானத்தில், ஆபர்ன் அணிக்கு எதிராக அவர் எறிந்த ஒரு பந்து மணிக்கு 105.5 மைல். கல்லூரி ஆட்டங்களில் பதிவானதிலேயே அதுதான் உச்சம். கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர். 2003 உலகக் கோப்பையில் ஷோயப் அக்தர் போட்ட 161.3 நமக்கெல்லாம் மனப்பாடம். ஓடி வந்து கையை மடக்காமல் வீசுவதும், மேட்டில் நின்று முழங்கையை மடக்கி எறிவதும் வேறு வேறு கலை. எது பெரிது என்று சொல்ல வரவில்லை, வேகம் பிடிபடட்டும் என்றுதான் அந்த எண்ணைச் சொன்னேன். பிட்சரின் கையை விட்ட பந்து 0.4 வினாடிக்குள் பேட்டரைத் தாண்டிவிடும். அதற்குள் அவர் பார்த்து, முடிவெடுத்து, மட்டையைச் சுழற்றியாக வேண்டும்.

அந்த சீசனில் ஜாய்ஸை நேரில் பார்த்திருக்கிறேன். பிட்சர் நின்று எறியும் மேடான மவுண்டை நோக்கி அவர் நடக்கத் தொடங்கியதுமே ஜனம் எழுந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு பந்துக்கும் கேட்சரின் கையுறையில் 'பட்' என்று ஒரு சத்தம், உடனே அத்தனை தலையும் ஸ்கோர்போர்டு பக்கம் திரும்பும். 102. ஆரவாரம். 103. இன்னும் பெரிய ஆரவாரம். ஒரு கட்டத்தில் பேட்டரே பெட்டியை விட்டு வெளியே வந்து, கையுறையை இறுக்கிக்கொண்டே போர்டை நிமிர்ந்து பார்த்தார். தனக்கு வந்தது என்ன பந்து என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது. அது ஸ்ட்ரைக்கா (பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்ததா), பாலா (வெளியே போனதா) என்று என் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டேன். அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை, அதனால்தான் கேட்டேன்.

இதனால் ஜாய்ஸைக் குறைத்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து ஃபாரகட்டில் பள்ளிக்கூடம் படித்தவர், வால்டர்ஸ் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியிலிருந்து வந்தவர். முழங்கை அறுவை சிகிச்சையால் 2021 சீசன் முழுக்க ஆடவில்லை. திரும்பி வந்து 32 இன்னிங்ஸ் சொச்சத்தில் 53 பேரை ஸ்ட்ரைக்-அவுட் செய்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினார். அப்புறம் தொழில்முறை ஆட்டத்தின் உச்சமான மேஜர் லீக்கில் ஏஞ்சல்ஸ் அணிக்குப் போய், 2024 செப்டம்பரில் டாட்ஜர்ஸின் டாமி எட்மனை ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கிய பந்தும் அதே 105.5. ஒரே ஒரு பந்துதான் கணக்கு என்றால் விவாதமே வேண்டாம். ஜாய்ஸ்தான், எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒரே ஒரு பந்தை வைத்து ஒரு பிட்சரை அளக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழைய ஆட்களை நாம் இந்தப் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். "அந்தக் காலத்தில் 93, 94தானே போட்டார்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். எந்தக் கருவியில் 94? ரேடார் கன் பேஸ்பாலுக்கு வந்ததே 1974 வாக்கில்தான். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் டேனி லிட்வைலர், வண்டிகளின் வேகம் பிடிக்க வளாகப் போலீஸ் வைத்திருந்த கருவியின் படத்தைக் கல்லூரிப் பத்திரிகையில் பார்த்தார். இதைப் பந்துக்கும் வைக்கலாமே என்று யோசித்தார். அப்படி வந்த கருவிகளும் ஒரே மாதிரி அளக்கவில்லை. ஒரு வகை பந்து கையை விட்ட உடனே பிடிக்கும், இன்னொரு வகை பேட்டரை நெருங்கும்போது பிடிக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற பந்து வழியிலேயே வேகம் இழப்பதால் ஒரே பந்துக்கு இரண்டிலும் நாலு மைல் வரை வித்தியாசம் காட்டும். இன்றைய கருவிகள் கையை விடும் கணத்தையே பிடிக்கின்றன. ஆகவே அன்றைய 94 இன்றைக்கு 98 என்று பதிவாகியிருக்கவும் கூடும். டாட் ஹெல்டன் பெயரைச் சொன்னால் இன்றைய பிள்ளைகளுக்கு கொலராடோவில் ஆடிய பேட்டராகத்தான் தெரியும். தொண்ணூறுகளில் டென்னஸிக்குக் கடைசி இன்னிங்ஸில் வந்து எதிரணியை அடக்கி ஆட்டத்தை முடித்துவைத்தவரும் அவரேதான். அவரைப் பட்டியலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுவது வேறு. வேகமில்லை என்று தள்ளிவிடுவது வேறு.

சரி, என் ஓட்டு யாருக்கு? சேஸ் பர்ன்ஸுக்கு.

2023 ஜூன், ஓமாஹா. கல்லூரி அணிகளின் இறுதிக்கட்டப் போட்டியான கல்லூரி உலகத் தொடரில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக, தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டிய ஆட்டம். நாலுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கி நிற்கிறோம். அந்த நிலையில் பர்ன்ஸை இறக்கினார்கள். அந்த சீசனில் தொடக்கப் பிட்சர் இடத்தை இழந்து, நடுவில் வந்து எறிகிற வேலைக்கு மாற்றப்பட்டிருந்த பையன். ஆறு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, ஒன்பது ஸ்ட்ரைக்-அவுட். நம் பேட்டர்கள் மெதுவாக ஆட்டத்தைப் பிடித்து 6-4 என்று ஜெயித்தோம். வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எறிந்த முதல் இன்னிங்ஸில் இருந்த வேகம் கடைசியிலும் கையில் இருந்தது. தோள் கனத்து, சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டு, ஒரு பந்து தப்பினால் சீசனே முடிந்துவிடும் என்ற நேரத்திலும் நூறை ஒட்டி எறிகிற கையைத்தான் நான் வேகமான கை என்பேன். அடுத்த வருஷம் அவர் வேக் ஃபாரஸ்டுக்குப் போய்விட்டார். அதற்காக அவர் பெயரைப் பட்டியலில் சேர்க்க மறுப்பவர்கள் இருக்கிறார்கள். கோபம் புரிகிறது, எனக்கும் அன்று கசந்தது. ஆனால் ஓமாஹாவில் அவர் எறிந்தது ஆரஞ்சு உடையில்தான்.

காரெட் குரோஷேவுக்கு ஓட்டுப் போடுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆறடி ஆறங்குல இடதுகைக்காரர். 2020 சீசன் தொற்றால் பாதியில் நின்றுபோக, அதே ஆண்டு, மேஜர் லீக் அணிகள் புது ஆட்களை வரிசையாக எடுக்கும் டிராஃப்டில் பதினோராவது ஆளாகத் தேர்வாகி, கீழ்மட்ட லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் செப்டம்பரில் நேராக ஒயிட் சாக்ஸ் மவுண்டில் போய் நின்றவர். அந்த 2020 சீசனை இங்கே அவர் முழுதாக ஆடிப் பார்த்திருந்தால் என் ஓட்டு மாறியிருக்கலாம்.

அதே குரோஷே 2022இல் முழங்கைத் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சைக்குப் போனார். ஜாய்ஸுக்கு முழங்கை முன்பே ஆனது, 2025இல் தோளிலும் கத்தி வைத்தார்கள். முழங்கையின் உள்பக்கம் இருக்கும் அந்தச் சின்னத் தசைநார்தான் எறிகிற ஒவ்வொரு தடவையும் சுமையைத் தாங்குகிறது. தசையைப் பயிற்சியால் பெருக்கலாம், அதை அப்படிப் பெருக்க முடியாது. நாம் எழுந்து நின்று கைதட்டுகிற ஒவ்வொரு 103க்கும் அது இழுபடுகிறது.

இது என்னை உறுத்தத் தொடங்கியது கல்லூரி மைதானத்தில் அல்ல. என் நண்பரின் பையனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சனிக்கிழமை அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். கேட்சருக்குப் பின்னால் வலையை ஒட்டி ஒருவர் கையடக்க ரேடார் வைத்துக்கொண்டு நின்றார். பையன் ஒவ்வொரு பந்தையும் எறிந்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தான். அவர் விரலால் எண்ணைக் காட்டுவார். ஆறு, நாலு: 64. ஆறு, ஐந்து: 65. கேட்சர் பந்தைத் திருப்பி எறிந்தபோது இவன் கண் இன்னும் வலையில் இருந்தது. பந்து தோள்பட்டையில் பட்டுக் கீழே விழுந்தது. ஆட்டம் முடிந்து வரும்போது காரில் வலது முழங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, இல்லை என்றான்.

அன்று அவனுக்கு ஆர்.ஏ. டிக்கியைப் பற்றிச் சொன்னேன். அவரும் டென்னஸிதான், 1996 வரை ஆடியவர், அந்த ஆண்டு ஒலிம்பிக் வெண்கல அணியிலும் இருந்தார். ரேஞ்சர்ஸ் அணி அவரை டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்து 8,10,000 டாலர் பேசியிருந்தது. ஒரு பத்திரிகை அட்டைப்படத்தில் அவர் கை தொங்கிய விதம் விநோதமாக இருக்கவே பரிசோதித்தார்கள். வலது முழங்கையில் அந்தத் தசைநாரே இல்லை. பேசிய தொகை 75,000 ஆகிவிட்டது. வேகம் குறைந்த பிறகு, சுழலாமல் தள்ளாடி வரும் நக்கிள்பாலைக் கற்றுக்கொண்டு, 2012இல், மெட்ஸ் அணிக்கு 20 வெற்றியும், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் வாங்கினார். பையன் கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "அங்கிள், அந்தப் பந்து எவ்வளவு வேகம்?"

எண்பதுக்குக் கீழே என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்ததும் 2012 வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். எண் வருகிற திரையின் மூலையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் காட்டினேன்.

சரி, உங்கள் பட்டியலைக் கீழே எழுதுங்கள். பெயரோடு, எத்தனையாவது இன்னிங்ஸில் பார்த்தீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.