திருடிக்கொண்டு போகவில்லை, விற்றது நாம்தான்

நேற்று முழுக்க அந்தப் படத்தைத்தான் ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் நிற்கும் டார்ஜிலிங் குட்டி எஞ்சின், மேலே "வெள்ளைக்காரன் திருடிக்கொண்டு போனது" என்று ஒரு வரி. தப்பு என்று சொன்னதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் அடிமைப் புத்தி. இரவு தூக்கமே வரவில்லை.

திருடவில்லை. விற்றோம். அந்த எஞ்சின் பி வகுப்பு என்ற ரகம், எண் 19. 1889-இல் கிளாஸ்கோவில் ஷார்ப் ஸ்டூவர்ட் கம்பெனி செய்தது. இரண்டடி அகலத் தண்டவாளத்தில் ஏறக்குறைய 70 வருஷம் மலை ஏறிய வண்டி. 1962-இல் எலியட் டோனெல்லி என்ற அமெரிக்க ரயில் ஆர்வலர் காசு கொடுத்து வாங்கினார். சுதந்திரம் வாங்கி 15 வருஷம் ஆகியிருந்தது. அப்போது எந்த வெள்ளைக்காரன் ஆண்டான்? பிறகு அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹெஸ்டன் நீராவி அருங்காட்சியகத்தில் இருந்தது. அங்கிருந்துதான் ஏட்ரியன் ஷூட்டர் என்ற பிரிட்டிஷ் ரயில் நிர்வாகி வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆக்ஸ்போர்டுஷயரில் தன் வீட்டுத் தோட்டத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டினார். டார்ஜிலிங் பெட்டிகளைப் பார்த்து இரண்டு பெட்டிகளும் செய்ய வைத்தார். 2022-இல் காலமாகிவிட்டார்.

"பணக்காரன் பொம்மை" என்கிறார் ஒருவர். இருக்கட்டும். பாய்லர் கொதித்ததா இல்லையா?

என் தாத்தா மீட்டர் கேஜ் பாதையில் பயர்மேன், நீராவி எஞ்சின் அடுப்புக்குக் கரி போடுகிறவர். அடுப்பு அனலில் பொசுங்கிப் பொசுங்கி, முழங்கைக்குக் கீழே அவருக்கு முடியே கிடையாது. அவர் கரி அள்ளிப் போட்டது போன்ற எஞ்சின் ஒன்றை ஒரு ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சின்ன வயதில் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பித்தளை ஒன்றுகூட மிச்சமில்லை. துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ட். அடுப்புக்குள் எச்சில் இலைகள். தாத்தா தோள் துண்டை எடுத்து நீராவியைத் திறந்து மூடும் ரெகுலேட்டர் கைப்பிடியைத் துடைத்தார். திரும்பி வரும்போது டீகூட வேண்டாம் என்றுவிட்டார்.

"காலனி ஆட்சிச் சின்னம், போனால் போகட்டும்" என்பவர்களுக்கு: அந்த டார்ஜிலிங் எஞ்சினின் முன்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். சக்கரம் வழுக்கும் இடத்தில் தண்டவாளத்தில் கையால் மணல் போடுவது அவர்கள் வேலை. கரித்தொட்டி மேல் இன்னொருவர் கரி உடைப்பார். பனியிலும் மழையிலும் அப்படியேதான். அவர்கள் இல்லாமல் அது ஓரடி ஏறியிருக்காது. அவர்கள் உழைப்பையும் சேர்த்தா போகட்டும் என்கிறீர்கள்?

சரி, திருப்பிக் கேட்கலாமே என்றால், அதில் நியாயம் இருக்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் அதே பி வகுப்பு எஞ்சின்கள் இன்றும் டார்ஜிலிங்கில் புகை விட்டுக்கொண்டு ஓடுகின்றன. 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை அது. நூறு வயது தாண்டிய பாய்லரை அங்கே தட்டிக்கொட்டி ஓட வைக்கிற பட்டறைக்காரர்களைப் பற்றி யாராவது ஒரு வரி எழுதினீர்களா? கைவிட்டுப் போனதற்குத்தான் கோபம் வருகிறது. கையில் இருப்பதைத் திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை.

போன வருஷம் அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். தாத்தா துடைத்த எஞ்சின் அங்கே இல்லை. அந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு. நாலு பேரிடம் விசாரித்தேன், எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதை எந்த வெள்ளைக்காரனும் கொண்டுபோகவில்லை.