"நன்றாகச் சாப்பிட்டாள்" என்று நான் எழுதி வைத்த ஏழு வாரம்

"ஏன்க்கா, கிராம் கணக்குல எடை பார்க்குற, நகைக்கடையில விக்கப் போறியா?" தம்பி தினமும் காலையில் கேட்கும் கேள்வி இது. ஆறே முக்காலுக்கு எங்கள் சமையலறைத் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பா ஏறும். அதற்குள் ஒரு பழைய துண்டு, துண்டுக்கு மேல் பூந்தி. டப்பா எடையைக் கழித்து நோட்டில் எழுதிவிட்டு, ஒரு கொத்தமல்லித் தண்டு கொடுத்து இறக்கிவிடுவேன். அடுத்து மிக்சர். இரண்டும் பெண் கினி பன்றிகள். தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு வந்ததால் பெயர்கள் இப்படி ஆகிவிட்டன.

நல்ல தமிழில் இதற்குச் சீமைப் பெருச்சாளி என்று பெயர். அதைச் சொன்னால் வீட்டு ஓனர் எங்களையே காலி பண்ணச் சொல்லிவிடுவார். கினி பன்றி என்பதும் பொருத்தமான பெயர் ஒன்றும் இல்லை. கினி நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, பன்றி இனமும் கிடையாது. ஆண்டீஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கறிக்காக வளர்த்து வந்த கொறிக்கும் பிராணி இது. இரையாகவே வாழ்ந்த இனம் என்பதால் உடம்பு சரியில்லை என்றால் வெளியே காட்டாது. முடிகிற வரை ஓடும், கத்தும், தட்டைப் பார்த்ததும் வரும். நம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குச் சுருண்டு உட்கார்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் தராசு. அதனால்தான் நோட்டு.

அந்த நோட்டை வைத்துக்கொண்டே நான் எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பூந்திக்கு மூன்றரை வயது. வழக்கமான எடை 950 கிராம். ஒரே நாளில் சாப்பாடு, மூத்திரம் என்று 30 கிராம் ஏறி இறங்குவது சகஜம் என்பதால் தினமும் ஒரே நேரத்தில், காலைக் கீரைக்கு முன்னால் எடை போடுவேன். பிப்ரவரி முதல் வாரம் 948. மாசக் கடைசியில் 921. மார்ச் நடுவில் 890. இறங்குகிறது என்று தெரிகிறது, ஆனால் எதற்கு என்று தெரியவில்லை. ஏனென்றால் எடைக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் தினமும் ஒரே வரி: "நன்றாகச் சாப்பிட்டாள்."

கூடவே வேறு சில குறிப்புகளும் இருந்தன. பதினொரு நாளில் நான்கு முறை மூத்திரம் போகும்போது ஒரு சின்னக் கீச்சல். புழுக்கை சிறுத்துப்போய், ஒரு முனை கூராக, கண்ணீர்த் துளி மாதிரி இருந்தது. மோவாய்க்குக் கீழே முடி ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை முதலில் பார்த்தது அம்மா. "தண்ணி பாட்டில் ஒழுகுது போல, பாரு" என்றார். நானும் பாட்டிலை மாற்றினேன். புதுப் பாட்டில் 350 ரூபாய். இரண்டு நாள் ஈரம் இல்லாத மாதிரி இருந்தது, எனக்குத் திருப்தி. மூன்றாம் நாள் ஈரம் இருந்ததை நோட்டில் எழுதவே இல்லை. அதுதான் பாட்டில் விஷயம் முடிந்துவிட்டதே!

மதுரையில் நாய், பூனை, ஆடு, மாடு பார்க்க நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். கினி பன்றி பார்த்துப் பழகியவர்கள் குறைவு. முதலில் போன டாக்டர் பொறுமையானவர், அதைச் சொல்லியாக வேண்டும். முன்பல்லைப் பார்த்தார், சரியாக இருந்தது. வைட்டமின் சி குறைவாக இருக்கலாம் என்று சொட்டு மருந்து எழுதினார். அது நியாயமான சந்தேகம். நம்மைப் போலவே இந்தப் பிராணிக்கும் உடம்புக்குள் வைட்டமின் சி உருவாகாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வேறு ஒரு நோயைத் தேடிப் போய்க் கினி பன்றிகளுக்கு வெறும் தானியம் கொடுக்க, அவற்றுக்கு வைட்டமின் சி இல்லாமல் வரும் ஸ்கர்வி வந்துவிட்டது. ஈறில் ரத்தம் கசிந்து மாலுமிகளைக் கொன்ற அந்த நோயை மனிதன் புரிந்துகொள்ள வழி திறந்தது இந்தச் சின்ன வாய்தான். "சோதனை எலி" என்று நாம் வாய்க்கு வாய் சொல்கிறோமே, ஆங்கிலத்தில் அந்த இடத்தில் நிற்பது இதுதான். நமக்காக இத்தனை செத்த பிராணிக்கு நோய் வந்தால் பார்க்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியிருப்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அது கிடக்கட்டும். எங்கள் வீட்டில் குடைமிளகாயும் நெல்லிக்காயும் தினசரி மெனு. அதனால் சொட்டு மருந்து எதையும் மாற்றவில்லை.

இரண்டாவது இடத்தில் நடந்தது இன்னும் வயிற்றைக் கலக்குகிறது. மூத்திரக் கீச்சலைச் சொன்னதும் கிருமித்தொற்று என்று ஒரு சிரப் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து லேபிளைப் படித்தால் அமாக்சிசிலின். பென்சிலின் குடும்ப மருந்து வாய் வழியாகப் போனால் கினி பன்றியின் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா செத்து, கெட்டது பெருகி, சில நாளில் உயிரையே எடுத்துவிடும். நாய்க்கும் குழந்தைக்கும் சர்வசாதாரணமாகக் கொடுக்கிற மருந்து இது. எந்த கிளினிக் என்று கமெண்டில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை, பழக்கத்தில் எழுதியது. கினி பன்றி வளர்க்கிறவர்கள் மருந்துச் சீட்டை அங்கேயே நின்று படியுங்கள், "இது இதற்கு ஆகுமா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் எக்ஸ்ரே. இந்த இனத்துக்குச் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புக் கல் வருவது அடிக்கடி நடப்பதுதான், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். பூந்திக்குக் கல் இல்லை.

அதற்குள் நான் இரண்டு முகநூல் குழுக்களில் கேட்டுவிட்டேன். அங்கே ஒரு விசித்திரம் கவனித்தேன். யாருடைய கினி பன்றிக்கு எது வந்ததோ, பூந்திக்கும் அதுதான் என்று அவரவர் சத்தியம் செய்தார்கள். தைராய்டு என்றார் ஒருவர். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் அதுவாக இருக்கலாம் என்பது உண்மைதான். சினைப்பையில் நீர்க்கட்டி என்றார் இன்னொருவர். வயதான பெண் கினி பன்றிகளுக்கு அது மிகவும் சகஜம். புழு என்றார்கள். வெயில் என்றார்கள், மதுரைக்கு அதையும் தள்ளிவிட முடியாது. ஓம வாட்டர் கொடுக்கச் சொன்ன அண்ணனுக்கு ஒரு கும்பிடு. யாரையும் குறை சொல்லவில்லை. "நன்றாகச் சாப்பிடுகிறாள், ஆனால் மெலிகிறாள்" என்று நான்தானே எழுதியிருந்தேன்? அந்த ஒரு வரியை நம்பித்தான் அத்தனை பேரும் யோசித்தார்கள்.

சென்னையில் இந்த மாதிரிப் பிராணிகளை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரின் நம்பர் கிடைத்தது. நோட்டின் ஏழு வாரப் பக்கங்களை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இப்படி நோட்டு வைத்திருப்பதற்குப் பாராட்டுவார் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு, மறைப்பானேன். ராத்திரி போன் வந்தது. பூந்தியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பக்கத்துக் கட்டத்துல இருக்கறது யாரும்மா?"

"அது மிக்சர் சார். அவளுக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கா."

"1010லேருந்து 1066க்கு வந்திருக்காளே. எதைச் சாப்பிட்டு?"

எனக்குச் சத்தியமாகப் பதில் சொல்ல வரவில்லை. ஏழு வாரமாகத் தினமும் என் கையால் எழுதிய எண்கள். நல்லா இருக்கிறவளின் கட்டம் என்பதால் ஒருநாள்கூட மேலிருந்து கீழே படித்ததில்லை.

நடந்தது இவ்வளவுதான். காலை ஏழு மணிக்குக் கீரைத் தட்டை வைப்பேன், இருவரும் ஓடி வந்து வாயை வைப்பார்கள், நான் ஆபீசுக்குக் கிளம்பிவிடுவேன். சாயங்காலம் தட்டு காலி. "நன்றாகச் சாப்பிட்டாள்." சாப்பிட்டது மிக்சர். நான் பார்த்தது இரண்டு விஷயம்தான்: பூந்தி ஓடி வந்தாள், தட்டு காலியாக இருந்தது. நடுவில் இருந்ததை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்.

கூண்டு நடுவில் கம்பி வலை வைத்துப் பிரிக்கச் சொன்னார். ஒருவரை ஒருவர் பார்க்க முடிய வேண்டும், தனியாகப் போட்டால் அந்த ஏக்கத்திலேயே சாப்பிட மாட்டார்கள் என்றார். (சுவிட்சர்லாந்தில் 2008 முதல் கினி பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டப்படியே தப்பு. துணை இல்லாமல் இருக்க முடியாத சாதி.) ஆளுக்கு 50 கிராம் காய்ந்த புல் எடை போட்டு வைத்தோம். மறுநாள் காலை மிக்சர் பக்கம் மிச்சம் 9 கிராம். பூந்தி பக்கம் 44.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் பூந்தி முன்னால் தரையில் படுத்துக்கொண்டேன், போனில் வீடியோ ஓட. ஒரு கேரட் துண்டு கொடுத்தேன். ஆவலாக வந்து வாங்கினாள். வாய்க்குள் ஒரு பக்கம் தள்ளினாள், தலையைச் சாய்த்தாள், வேகமாகத் தாடையை அசைத்தாள், கேரட் கீழே விழுந்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி விழுந்தது. ஆறு முறை. ஏழாவது முறை எடுக்காமல் கேரட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மோவாயிலிருந்து ஒரு துளி கீழே விரித்திருந்த துண்டில் விழுந்தது. அப்போதுதான் அந்தத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது.

வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் அக்காவின் காரில் சென்னை போனோம். ஐஸ் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்திருந்தேன். கினி பன்றிக்கு மொத்தம் இருபது பல், இருபதும் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். முன்பல் மட்டும்தான் நமக்குத் தெரியும். வாய் சின்னது, கன்னச் சதை உள்ளே மடிந்து கிடக்கும், கடைவாயை விழித்திருக்கும்போது சரியாகப் பார்க்கவே முடியாது. மயக்கம் கொடுத்துப் பார்த்ததில் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமிருந்தும் உள்நோக்கி வளர்ந்து, நாக்குக்கு மேல் பாலம் போட ஆரம்பித்திருந்தன. நாக்கை எழுப்ப முடியாமல் எச்சில் வெளியே வழிந்திருக்கிறது. டாக்டர் பல்லைத் தேய்த்துச் சரிசெய்தார். ஸ்கேனில் இடது பக்கம் ஒரு சின்ன நீர்க்கட்டியும் தெரிந்தது. இப்போதைக்குத் தொட வேண்டாம், மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றார்.

அந்த மூத்திரக் கீச்சல்? "தெரியலம்மா. கட்டியா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தேதியும் நேரமும் எழுதிட்டு வாங்க" என்றார். இத்தனை அலைச்சலில் எனக்கு ரொம்பப் பிடித்த பதில் அதுதான். மற்ற எல்லோரிடமும் ஒரு விடை இருந்தது.

செலவைக் கேட்டு மூர்ச்சையானவர்கள் உண்டு. 600 ரூபாய்க்கு வாங்கிய பிராணிக்குப் பயணம், மயக்கம், மருந்து எல்லாம் சேர்த்து 14,000. "அந்தக் காசுக்கு இருபது வாங்கலாமே" என்று ஒரு சித்தப்பா கணக்குச் சொன்னார். இருபத்து மூன்று வாங்கலாம் சித்தப்பா, கணக்கு எனக்கும் தெரியும்.

நோட்டில் இப்போது "நன்றாக" என்ற வார்த்தைக்கு இடமில்லை. "கொத்தமல்லித் தண்டு ஒன்று, நாற்பது விநாடி, கீழே விடவில்லை." "புல் 50 வைத்தது, மிச்சம் 21." "மோவாய் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது." "கீச்சல் ஒன்று, இரவு 9.10." படிக்க போலீஸ் ஸ்டேஷன் டைரி மாதிரி இருக்கிறது என்கிறான் தம்பி. இருக்கட்டும். முதல் பத்து நாள் புல் மாவைத் தண்ணீரில் குழைத்து ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மணிக்கொருதரம் ஊட்டினோம். அதில் ராத்திரி இரண்டு மணி ஷிப்ட் அவனுடையது, அதையும் அவனே எழுதியிருக்கிறான்: "12 மில்லி. என் சட்டையில் 3."

பூந்தி இன்று காலை 917. பல் மறுபடி வளரும், ஆறு வாரத்தில் திரும்பப் போக வேண்டும். மிக்சருக்கு இப்போது பக்கத்துத் தட்டு கிடையாது, அவள் பங்கு மட்டும்தான். அதற்கு அவள் போடுகிற கூச்சல் மாடி வீடு வரைக்கும் கேட்கிறது. நேற்று ஓனர் வந்து என்ன சத்தம் என்று கேட்டார். குக்கர் என்று சொல்லியிருக்கிறோம்.