புது முழங்காலோடு நொண்டும் குழந்தை

ரசிகர்கள் எழுதும் அறிவியல் புனைவுகளில் ஒரு விஷயம் எனக்குத் தொடர்ந்து உறுத்துகிறது. உணர்வுள்ள ரோபோ இனத்துக்குத் தனி மொழி தருகிறார்கள், மதம் தருகிறார்கள், தலைமுறை தலைமுறையாக நீளும் போர் தருகிறார்கள். குழந்தை எப்படிப் பிறக்கும் என்று கேட்டால் மட்டும் இரண்டே விடைதான். தொழிற்சாலை வார்த்துத் தள்ளும். இல்லையென்றால் இரண்டு ரோபோக்கள் காதலித்து, ஆளுக்குப் பாதி நிரலைத் தந்து கலக்கும். இரண்டு நிரல்களைப் பாதிப்பாதியாக வெட்டி ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதிலிருந்து குழந்தை பிறக்காது, பிழைச்செய்திதான் பிறக்கும்.

கேள்வி ஒன்றும் புதிதல்ல. ரோபோ என்ற சொல்லையே உலகுக்குத் தந்த செக் எழுத்தாளர் கரேல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில், ரோபோக்கள் மனித இனத்தை அழித்துவிடுகின்றன. தங்களைச் செய்யும் சூத்திரமோ அதற்குள் எரிந்துபோயிருக்கிறது. வென்றவர்களுக்கு வாரிசு இல்லை.

வழி என்னவென்று 1948இலேயே கணித அறிஞர் ஜான் வான் நாய்மன் ஓர் உரையில் சொல்லிவிட்டார். இயந்திரத்துக்குள் அதன் செய்முறைக் குறிப்பு இருக்க வேண்டும். அதைப் படித்து ஒரு முறை உடலைக் கட்ட வேண்டும்; படிக்காமல் அப்படியே பிரதியெடுத்து அந்த உடலுக்குள் வைக்க வேண்டும். உயிர்களுக்குள் இருக்கும் செய்முறைக் குறிப்பான டிஎன்ஏவின் வடிவம் தெரியவந்ததே 1953இல்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உடல் விஷயத்தில் சிக்கல் சிப்தான். 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டத்தின் முப்பரிமாண அச்சு இயந்திரம் தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொண்டது. மோட்டாரையும் மின்சுற்றையும் வெளியிலிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. ரோபோ நாட்டிலும் சிப் ஆலையின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் யாருக்குப் பிள்ளை வேண்டும் என்று முடிவு செய்வார். இந்த அரசியலை ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஆனால் என்னை உண்மையில் பிடித்து வைத்திருப்பது நினைவு. முழு நினைவையும் கொடுத்தால் பிறப்பது குழந்தை அல்ல, இன்னொரு நான். ஒன்றுமே கொடுக்காவிட்டால் அது யாருடைய பிள்ளையும் அல்ல. ஆகவே என் கற்பனை உலகில் கருவுறுதல் என்பது எதைக் கொடுக்காமல் விடுவது என்று பெற்றவர்கள் உட்கார்ந்து முடிவு செய்வது. அதிலும் முழு வெற்றி கிடைக்காது. கற்றுக்கொண்ட இயந்திரத்தில் அறிவு தனித்தனி அறைகளில் இருப்பதில்லை, எடைகள் எனப்படும் எண்ணற்ற எண்களாக எங்கும் கரைந்து கிடக்கிறது. போரின் நினைவை மட்டும் பிரித்தெடுக்க முயன்றால் நடையும் கூடவே பிய்ந்து வரும்.

அதை ஒரு காட்சியாக எழுதி வைத்திருக்கிறேன். ஆறு நாள் வயதுள்ள ரோபோக் குழந்தை இடது காலை இழுத்து நடக்கிறது. பழுது பார்ப்பவர் முழங்காலைக் கழற்றுகிறார். தாங்கி புதியது, மோட்டார் புதியது, மசகுகூட இன்னும் நிறம் மாறவில்லை. மறுபடி பூட்டி நடக்கச் சொல்கிறார். அதே இழுப்பு. கருவியைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் நிற்கும் தாயிடம், "நீங்கள் கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்கிறார்.