“ஆமா” சொல்ல ஒரு ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன். இசையும் மனநலமும்தான் பொருள். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். முதலில் சர்ச் கொயர், அப்புறம் நாதஸ்வரம், கடைசியில் வில்லுப்பாட்டு. நடுவில் ஒரு மனநல மருத்துவர் கொஞ்சநேரம் பேசினார்.

வில்லுப்பாட்டில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்தது அந்த “ஆமா”தான். புலவர் ஒரு வரி சொல்லி நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவர் சொல்வாரே, அது. அன்றைக்குப் பாடியது குலசேகரம் பக்கத்து ரப்பர் பால்வெட்டுக்காரர் ஒருவரின் கதை. அவருக்குத் தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை, விடியற்காலையில் மரத்துக்குப் போகக் கால் எழவில்லை. “கட்டின பொஞ்சாதிகிட்டகூட சொல்லல” என்று புலவர் நிறுத்தினார். குடம் அடிப்பவர் உடனே பதில் சொல்லவில்லை. கையைக் குடத்தின் மேலேயே வைத்திருந்து, கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில் “ஆமா” என்றார். பின்வரிசையிலிருந்தும் யாரோ “ஆமா” என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவர் கூசியிருப்பார்.

எனக்கு எங்கள் சித்தப்பா ஞாபகம் வந்துவிட்டது. கடல்தொழில்காரர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது கூடத் தொழில் பார்த்த ரெண்டு பேர் திரும்பவில்லை, அவர் திரும்பி வந்தார். அதற்கப்புறம் ஒரு வருஷம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. “பயந்திருக்கான், மந்திரிச்சா சரியாகும்” என்றார்கள் சிலர். வீட்டில் நாங்களோ “தைரியமா இருங்க” என்று சொல்லிச் சொல்லியே அவர் வாயை அடைத்துவிட்டோம். அவர் சொல்ல வந்ததை முழுசாகக் கேட்க ஒருத்தரும் உட்காரவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு வலிக்கிறது. கடைசியில் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். மாத்திரையும் பேச்சும் சேர்ந்து மெல்ல மெல்ல ஆளை மீட்டன. இப்போது கோயில் பாடகர் குழுவில் நிற்கிறார்.

அதனால் பாட்டே நோயைத் தீர்த்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். மருந்து நிறுத்தக்கூடாது என்று கச்சேரியில் பேசிய மருத்துவரும் அழுத்திச் சொன்னார். ஆனால் சேர்ந்து பாடும்போது மூச்சு நீண்டு வெளியே போகிறது, நெஞ்சுப் படபடப்பு தணிகிறது. அதைவிடப் பெரிய விஷயம், மனநல மருத்துவரிடம் போக “யாராவது பாத்துருவாங்களோ” என்று பயப்படுகிறவர்கூட ஒரு கச்சேரிக்கு வந்து உட்கார்ந்துவிடலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. அநியாயமாகச் செத்தவர்களின் கதையை விடிய விடியப் பாடி, அழுது, அவர்களைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிற மண் இது. செத்தவர்களுக்காக இவ்வளவு செய்கிற நாம் உயிரோடு தவிக்கிறவர்களுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டாமா?

ஒரு குறையும் உண்டு. பொன்னாடை போர்த்தியே முக்கால் மணி நேரம் போய்விட்டது, வில்லுப்பாட்டுக்கு மிஞ்சியது இருபது நிமிஷம். அடுத்த தடவை அதைத் திருப்பிப் போடுங்கள்.

கோயில் கொடை கமிட்டியிலோ சர்ச் பங்குப் பேரவையிலோ இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வருகிற திருவிழாவில் இப்படி ஒரு மணி நேரம் வையுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே கேட்டுப்பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைப் பந்தல் வாசலில் பெரிசாக எழுதுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நாற்காலி போட நான் வருகிறேன். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.