ஆமாம், டோர்ச் வைத்திருக்கிறேன். இப்போ என்ன?

செத்தவீட்டில் என் பொக்கட்டைக் கிட்டப் பிடித்துப் படமெடுத்து, வட்ஸ்அப் குழுமத்தில் போட்டு, "டோர்ச் மாமா" என்று பெயரும் வைத்தது யாரென்று உங்களுக்கெல்லாம் தெரியும். நான் பெயர் சொல்லப்போவதில்லை, சொந்தக்காரன். யார் யார் சிரித்தீர்கள் என்றும் பார்த்தேன். சரி, சிரியுங்கள். ஆனால் "8,500 ரூபாவுக்கு டோர்ச் வாங்கினவனுக்குத் தலை சுகமில்லை" என்று எழுதியதற்குப் பதில் சொல்லாமல் விட ஏலாது.

"போனில் லைட் இருக்கே" என்பீர்கள். என்னிடமும் போன் இருக்கிறது. அந்த வெளிச்சம் கட்டிலுக்குக் கீழே செருப்புத் தேட நல்லது. பரந்து விழும், தூரம் போகாது. மட்டக்களப்பில் வெல்லாவெளிப் பக்கம் இரவில் நடக்கிறவனுக்குக் காலடி மட்டும் தெரிந்தால் போதாது, வளைவில் கறுப்பாக நிற்பது மரமா யானையா என்றும் தெரியவேண்டும். போனைத் தூக்கிக் காட்டினால் யானைக்கு உங்களைத் தெரியும், உங்களுக்கு யானையைத் தெரியாது. அதோடு தோளில் மண்வெட்டி, ஒரு கையில் மடித்துப் பிடித்த சாரம், மற்றக் கையில் போன் என்று வரம்பில் நடந்து பாருங்கள். வழுக்கினால் முதலில் சேற்றுக்குள் போவது எதுவென்று தெரியும்.

அப்பாவிடம் மூன்று பட்டரி டோர்ச் ஒன்று இருந்தது. பட்டரி இறங்கினால் புதிது வாங்க மாட்டார், முற்றத்துச் சாக்கில் வெயிலுக்குக் காயப்போடுவார். இன்னும் இரண்டு மூன்று இரவு மஞ்சளாக எரியும். சிறுபோகத்தில் நவகிரிக் குளத்துத் தண்ணி வயலுக்குத் திறந்துவிட்ட ஒரு ராத்திரி, அப்பா முன்னே, நான் பின்னே. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் வரம்பில் கிடந்தது வைக்கோல் புரிமாதிரித்தான் தெரிந்தது. புடையன். அது சீறியதால் தப்பினோம். அந்தப் பாம்பு சீறினால் பிரஷர் குக்கர் தோற்கும், அதுதான் எங்கள் அதிர்ஷ்டம். டோர்ச் விஷயத்தில் நான் ஏன் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை என்று கேட்டவர்களுக்கு இதுவே போதும்.

போதாதாம். "சந்தையில் 1,500 ரூபாவுக்கு இதைவிடப் பெரிசு இருக்கு, 9900 எம்ஏஎச் பட்டரி" என்கிறார் இன்னொருவர். அண்ணே, அந்த டோர்ச்சுக்குள் இருக்கும் 18650 பட்டரி, 18 மில்லிமீற்றர் தடிப்பு, 65 நீளம். எம்ஏஎச் என்பது பட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கு. பெயர்பெற்ற கம்பனிகளின் நல்ல பட்டரியே 3500 சொச்சந்தான் கொள்ளும். 9900 ஸ்டிக்கரில் மட்டும்தான். லூமனும் அப்படியே. மொத்த வெளிச்சம் எவ்வளவு என்பது லூமன், அது எவ்வளவு குவிந்து போகிறது என்பது கண்டெலா. 10,000 கண்டெலா இருந்தால் பெட்டியில் 200 மீற்றர் என்று போடலாம், ஆனால் அந்த 200ஆவது மீற்றரில் விழுவது பௌர்ணமி நிலவளவு வெளிச்சம். யானையை அடையாளம் காணப் பாதித் தூரத்தை நம்புங்கள். உச்ச வெளிச்சமும் ஓரிரு நிமிடந்தான், சூடேறினால் டோர்ச் தானே குறைத்துக்கொள்ளும். சின்ன உடம்பு, சூடு எங்கே போகும்? பெட்டியில் 50 மணித்தியாலம் என்றிருந்தால் அது ஆகக் குறைந்த வெளிச்சத்துக்கு.

எல்லாவற்றையும் விட எனக்கு ஆத்திரம் வருவது அந்த மலிவு டோர்ச்சின் ஸ்விட்சைப் பார்த்துத்தான். ஒரு அமுக்கு கூட, ஒரு அமுக்கு குறைய, மூன்றாவது அமுக்கில் டிஸ்கோ மாதிரி வெட்டி வெட்டி அடிக்கும். புதருக்குள் ஏதோ அசைகிற நேரத்தில் இதையா அமுக்கிக்கொண்டு நிற்பது? என்னுடையது பெருவிரல் அளவு. அமுக்கினால் எரியும், அமுக்கினால் அணையும். பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டால் பொக்கட்டுக்குள் தானாக எரியாது. போன் சார்ஜ் பண்ணும் வயரே இதற்கும் போதும். இவ்வளவும் பார்த்துத்தான் வாங்கினேன், பெட்டியின் நிறத்தைப் பார்த்தல்ல.

"சார்ஜ் முடிந்தால் என்ன செய்வாய்?" முடியும் முன்னே சார்ஜ் போடுவேன். வேறென்ன.

"காட்டுக்குள்ளா இருக்கிறாய்?" என்று கேட்டதுதான் சுட்டது. காட்டுக்குள் இல்லை, மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில் வயல், இக்கரையில் வீடு. குருமண்வெளியில் பாதை, அதுதான் வாவி கடக்கும் மிதவை, ஏறி அக்கரையில் மண்டூரில் இறங்கினால் எத்தனை இடத்தில் தெருவிளக்கு எரிகிறதென்று ஒருநாள் வந்து பாருங்கள். எங்கள் ஆட்கள் யானை வெடியை மடியில் கட்டிக்கொண்டு காவலிருந்து விளைவித்த நெல்லைத்தான் நீங்கள் சோறாகத் தின்கிறீர்கள். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது நாட்டையே திட்டித் தீர்த்தீர்கள். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனபோது, மெழுகுதிரி தேடிக் கடை கடையாக அலைந்த ஆட்களும் இந்தக் குழுமத்தில்தான் இருக்கிறீர்கள். அக்கரையில் வயல் செய்கிறவன் டோர்ச் வைத்திருந்தால் மட்டும் பகிடி.

மச்சான், உன் மகளின் சாமத்தியச் சடங்கில் கரண்ட் போனபோது சமையல் பந்தலில் என்ன நடந்ததென்று நீ மறந்திருக்கலாம். அடுப்பில் இறைச்சி, இருட்டுக்குள் சமையல்காரர் கத்துகிறார், ஜெனரேட்டர்காரன் போனை எடுக்கவில்லை. இதன் அடியில் காந்தம் இருக்கிறது. பந்தல் கம்பியில் ஒட்டிவைத்தது யார்? அந்த வெளிச்சத்தில் வெந்த சோற்றை வந்தவர்களெல்லாம் தின்றார்கள், நீயும் தின்றாய். அன்றைக்கு யாரும் படம் எடுக்கவில்லை.

படத்தை அழிக்கத் தேவையில்லை, இருக்கட்டும். மறுகா, அன்றைக்கு இரவல் வாங்கின என் சார்ஜ் வயரை மட்டும் அனுப்பிவிடு. உனக்குத்தான் போனில் லைட் இருக்குதே, வயர் எதற்கு?