வளையாத கம்புக்கு வரத்துக்காலில் என்ன வேலை?

நேற்று காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த தம்பி கேட்டான்: "அண்ணே, ஃப்ளை ராடு ஒண்ணு வாங்கப் போறேன். ஒன்பதடி, அஞ்சாம் நம்பர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். சரிதானே?" (ஃப்ளை ராடு என்றால் இறகில் கட்டிய போலி ஈயை வீசி மீன் பிடிக்கும் தூண்டில் கம்பு. ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்றால் விறைப்பானது.) எனக்கு வாய் நிறைய வெள்ளைப் பணியாரம். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ. அதனால்தான் இந்தப் பதிவு. தம்பி, வாங்காதே.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது நீலகிரியில் வேலை பார்த்தபோது. வெள்ளைக்காரர்கள் 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் கட்டி டிரவுட் என்ற குளிர்நீர் மீனை வளர்த்துவிட்ட மலை அது. அங்கே ஓடைகள் அகலம் குறைவு, கரையெல்லாம் புதர். அங்கே படித்த பாடம் நம்ம ஊர் வாய்க்காலுக்கு அச்சாகப் பொருந்தும் என்று அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். நம்ம சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ராடில் தலைகீழ். இறகில் கட்டிய ஈக்கு எடையே கிடையாது, எடையெல்லாம் தடித்த லைனுக்குத்தான். அந்த எடை கம்பை வளைக்கணும். வளைந்த கம்பு நிமிரும்போது லைனைத் தள்ளிக்கொண்டு போகணும். நம்பர் என்பதும் லைனின் எடைதான். முதல் 30 அடி, மூன்றாம் நம்பரில் சுமார் 6.5 கிராம், ஐந்தாம் நம்பரில் சுமார் 9 கிராம். சரி, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் நம்ம வரத்துக்காலில் எதிர்க்கரையே பதினைந்து அடிதான். நீ வெளியே விடப்போவது பத்துப் பன்னிரண்டு அடி லைன். ஐந்தாம் நம்பராகவே இருந்தாலும் மூன்று நாலு கிராம் தேறும். இந்த எடைக்கு விறைப்பான கம்பு அசையவே அசையாது. நுனி மட்டும் லேசாகத் தலையாட்டும். மாடரேட் ஆக்‌ஷன் கம்பு நடு இடுப்பு வரை வளைந்து கொடுக்கும், அந்தக் கொஞ்ச எடையும் உள்ளங்கையில் தெரியும்.

நானும் முதலில் நீ சொன்ன அதே அளவைத்தான் வாங்கினேன். விற்றவர் "இது ஒண்ணு இருந்தா எல்லாத்துக்கும் போதும் சார்" என்றார். ஊர் வந்து வாய்க்காலில் வீசினால் லைன் இடியாப்பம் பிழிந்த மாதிரி காலடியிலேயே விழுகிறது. கோபத்தில் வேகமாக இழுத்து வீசினேன். பின்னால் சீமைக்கருவேலம். மேல்துண்டு 'டப்'. கார்பன் ஒடியும் சத்தம் இருக்கிறதே, ஒரு மாதச் செலவுக் கணக்கு மொத்தமும் அதில் கேட்கும்.

இப்போது வைத்திருப்பது ஏழடி, மூன்றாம் நம்பர், கண்ணாடி இழை. எடை 90 கிராம் பக்கம். போன ஐப்பசியில் இரண்டு நாள் மழைக்கு அப்புறம் கண்மாய் மறுகால் பாய்ந்தது. கலுங்குக்குக் கீழே ஓடும் தண்ணீரில் செத்த ஈசல் இறக்கை இறக்கையாக மிதந்து வருகிறது. கருவேல நிழலில் ஜிலேபிக் கெண்டை ஒவ்வொன்றாக வாயை மட்டும் மேலே நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. கையை ஓங்கக்கூட இடமில்லை. ஈயை முள்ளின் வளைவில் இரண்டு விரலால் பிடித்து, கம்பை வில்லாக வளைத்து விட்டேன். ஈ கிளைக்கு அடியில் போய் உட்கார்ந்தது. (ஈ என்று சொல்வது மரியாதைக்கு. வீட்டு நாட்டுக்கோழியின் வெள்ளை இறகு, பழுப்பு நூல், பதினாலாம் நம்பர் முள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஈசல்தான்.) உள்ளங்கை அகல ஜிலேபி. விறைப்புக் கம்பில் அது வந்ததே தெரிந்திருக்காது. இதில் கைப்பிடி வரை துடித்தது. லைன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பும் அறவில்லை. மீன் வெடுக்கென்று இழுக்கும்போதெல்லாம் கம்பு இறங்கிக் கொடுத்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் சித்தப்பா கெண்டைக்கு வைத்திருக்கும் மூங்கில் கம்பு இதே மாதிரிதான் வளையும். நெருப்பில் வாட்டி நிமிர்த்தி, விளக்கெண்ணெய் தடவி, நுனியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துத்தான் எடுப்பார். வெளிநாட்டுக்காரனுக்கும் ஒரு காலத்தில் மூங்கில்தான். தெற்குச் சீனாவின் டோங்கின் மூங்கிலை ஆறு முக்கோணச் சிம்புகளாகச் சீவி, ஒட்டிக் கம்பு செய்தான். 1950இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டதும் கண்ணாடி இழை அந்த இடத்தைப் பிடித்தது. எழுபதுகளில் கார்பன் வந்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம், தூரம் போகும். அன்றிலிருந்து 'எவ்வளவு தூரம் வீசலாம்' என்பதே விளம்பரமாகிவிட்டது. பதினைந்து அடி வாய்க்காலில் எண்பது அடி வீசினால் ஈ பக்கத்து வயலில்தான் கிடக்கும்.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். ஆடிக் காற்றில் கண்மாய்க் கரை மேல் நின்று வீச இந்தக் கம்பு ஆகாது, லைன் திரும்பி மூஞ்சியில் விழும். விரால் பிடிக்கவும் உதவாது. அது கவ்வினதும் தாமரைக் கொடிக்குள் புகுந்துவிடும், இழுத்து நிறுத்தத் தடித்த கம்பு வேண்டும். அப்புறம், கண்மாய் குத்தகையில் இருந்தால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கு. மின்கம்பி பக்கம் கார்பன் கம்பைத் தூக்கிக்கொண்டு நிற்காதே, அதில் கரண்டு பாயும்.

சித்தப்பாவிடம் என் ராடைக் கொடுத்தேன். இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். "நல்லாத்தேன் வளையுது. என்ன வெல?" சொன்னேன். கம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார்.

தம்பி, முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேள். மழை விழுந்து வரத்துக்கால் ஓட ஆரம்பித்ததும் வீட்டுக்கு வா. ராடு தருகிறேன், ஈசலும் பத்துப் பன்னிரண்டு கட்டி வைத்திருக்கிறேன்.